நில் ஈசி வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

“ஈசி நில் சார், தைரியமா வாங்கலாம்” என்று சென்னைத் தரகர்கள் சொல்வார்கள். ஈசி என்பது சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று; நில் என்றால் அதில் எந்தப் பதிவும் இல்லை. விற்பவர் 2012-ல் கிரையம் வாங்கியிருந்தால், 30 வருட வில்லங்கத்தில் அந்தப் பத்திரமாவது வந்தே ஆக வேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால், பெரும்பாலும் சர்வே எண்ணோ சார்பதிவாளர் அலுவலகமோ தப்பாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய சர்வே எண், உட்பிரிவு எண், நகர சர்வே எண் என்று தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் போடுங்கள். சரியாகப் போட்டாலும் பதிவாகாத உயிலும் விட்டுப்போன வாரிசும் அதில் வராது. அதற்கு வாரிசுச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் (சொத்து முன்பு கைமாறி வந்த மூலப் பத்திரம்) வக்கீல் பார்க்க வேண்டும். பத்திரத்துக்கு ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால், அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள்.

பட்டா இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது; அது வருவாய்த்துறைப் பதிவு. கிரையப் பத்திரம் இல்லாமல் வெறும் பவர் பத்திரத்தை (ஒருவர் சார்பில் செயல்படத் தரும் அதிகாரம்) வைத்து வாங்கினால் வீடு உங்களுடையதாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாக்கிவிட்டது.

அடுத்தது, “கடல் ரொம்பத் தள்ளி இருக்கு, கடலோர விதி நமக்கில்லை” என்பது. கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் அலை ஏறும் உச்ச எல்லை) 500 மீட்டரோடு நிற்கவில்லை. அலையேற்றம் எட்டுகிற வரை ஆறு, உப்பங்கழிகளின் கரையிலும் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இதில் எது குறைவோ அதுவரை பொருந்தும் என்றது; 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. அடையாறு, கூவம், முட்டுக்காடு கழி ஓரங்களில் வாங்குவோர் கோட்டைவிடுவது இங்கேதான். குடியிருக்கும்வரை தெரியாது, இடித்துக் கட்டவோ மாடி எடுக்கவோ போகும்போதுதான் அனுமதி மாட்டிக்கொள்ளும். அட்வான்ஸுக்கு முன்பே கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைப் பாருங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பழைய ஃபிளாட் என்றால் புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பால்கனி அடிப்பகுதி, சன்ஷேட், பாத்ரூம் மேல்தளம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால், உப்பு உள்ளே போய்விட்டது. ஸ்பேனரால் தட்டினால் ‘டொப்’ என்று கேட்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே சிமென்ட் பூசினால் மறுபடி பெயரும். கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டித்தான் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

விற்பவர்களுக்கு: வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) சந்தை விலை அல்ல. ஆனால் பத்திரத்தில் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினால் இருவருக்குமே வருமான வரிச் சிக்கல். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குபவர் அதில் 1% வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% கணக்கு செல்லாது, பிடித்தம் பல மடங்கு. குறைத்துப் பிடித்தால் பாக்கியை வரித்துறை வாங்குபவரிடம்தான் கேட்கும்.