புதர் மண்டிய கொல்லையை மீட்பது எப்படி? வடசென்னை வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஆவணி பிறந்ததும் கொல்லையில் இறங்கிவிடலாம். அப்போது சென்னையில் சாயங்காலங்களில் அவ்வப்போது மழை பெய்யும். ஈரம் ஊறிய மண்ணில் களை வேரோடு வரும். சித்திரை வெயிலில் தொடங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளேயே தங்கிவிடும்.

தொடங்கும் முன் ஒரு விதி: அட்டையும் இலையும் போட்டு உடனே மூட முடிகிற அளவு இடத்தை மட்டும் வெட்டுங்கள். ஜேசிபி கூப்பிட்டு ஒரே நாளில் மொட்டையடித்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் களைவிதைகளுக்கு வெளிச்சம் கிடைத்துவிடும். முதல் மழைக்கே முன்பைவிட அடர்த்தியாக முளைக்கும். முதல் தவணைக்குப் பத்துக்குப் பத்து அடி போதும்.

1. கருவிகள்

மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள், கிளை வெட்டும் கத்தரி, கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். கூடவே நீளமான கழி ஒன்று. கால் வைக்கும் முன் கழியால் தரையைத் தட்டுங்கள். செங்கல் குவியலில் கை விடாதீர்கள். தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போக வேண்டாம். விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

2. எதை வைத்துக்கொள்வது?

வெட்டுவதற்கு முன், காப்பாற்ற வேண்டிய செடிகளில் பழைய துணியைக் கட்டிவிடுங்கள். கோவைக்கொடிக்கு அடியில் குண்டுமல்லியோ கறிவேப்பிலையோ மூச்சுமுட்டிக் கிடக்கலாம். மூக்கிரட்டை, கீழாநெல்லி, முடக்கத்தான் எல்லாம் களைதான் என்றாலும் பாட்டி இருக்கும் வீட்டில் அவற்றுக்கு ஒரு மூலை ஒதுக்குவது நல்லது, வம்பு வராது.

காம்பவுண்டு சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் மட்டும் யோசிக்காமல் எடுங்கள். வேர் பருத்தால் சுவர் பிளக்கும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கியபோது அவசரமாகத் தோண்டிய தொட்டிகள் பல இன்று புதருக்குள் மறைந்து கிடக்கின்றன.

3. வெட்டும் வரிசை

முதலில் கொடிகள். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே காயவிடுங்கள். பச்சையாக இழுத்தால் மல்லிகையின் கிளையும் சேர்ந்து கிழியும். அப்புறம் ஆமணக்கு, உண்ணிச்செடி போன்ற கட்டைச் செடிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் அரிப்பு வரும், மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பைக் கொடுக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் மூன்றும் அவசியம்.

பிறகு கோரை. உண்மையான சண்டை இதோடுதான். மேலே இழுத்தால் புல் வரும். கிழங்கு மண்ணுக்குள் மாலை கோத்ததுபோல வரிசையாக நிற்கும். மண்வெட்டியால் கொத்தினால் அந்த மாலை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். அதனால் மண்ணை ஆழமாகக் கிளறித் தளர்த்தி, கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். ஒரே தடவையில் முடியாது. முளைவிட முளைவிட எடுத்தால்தான் கிழங்கில் இருக்கும் சத்து தீரும். கல்லுப்பு போட்டால் செத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நம் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உப்பே போதும்.

வெட்டியதைக் கொளுத்த வேண்டாம். விதையில்லாத தழையை ஒரு குழியில் மட்க விடுங்கள். கோரைக்கிழங்கும் விதை வந்த பார்த்தீனியமும் அந்தக் குழிக்குள் போகவே கூடாது.

4. மண்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை போன்ற கடலோரத்தில் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. மட்கிய மாட்டெருவும் தென்னைநார்க் கழிவும் தாராளமாகக் கலக்க வேண்டும். ஏரிக்கரையாக இருந்த கொளத்தூர் பக்கத்தில் களிமண். அங்கே மேட்டுப்பாத்தி கட்டாவிட்டால் மழையில் வேர் அழுகும். எங்கே தோண்டினாலும் கட்டட இடிபாடு வரும், அதைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

போர் தண்ணீரை ஊற்றிய இடம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தால் உப்பு அதிகம். சப்போட்டா, தென்னை, அரளி அதைத் தாங்கும். ரோஜாவும் பீன்ஸும் தாங்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில், மண்ணைப் பரிசோதிக்காமல் கீரை போட வேண்டாம். பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. மூடாக்கு

மளிகைக்கடையில் அட்டைப்பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். டேப்பைக் கிழித்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனையுங்கள். மேலே நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை போடுங்கள். இலை போதாவிட்டால் ஜூஸ் கடையில் கரும்புச் சக்கை கிடைக்கும். காயவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும். அட்டைக்குக் கறையான் வரும், ஆகவே வீட்டுச் சுவரிலிருந்தும் மரக்கதவிலிருந்தும் இரண்டு அடி தள்ளியே விரியுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

6. நடவு

அட்டையில் கத்தியால் துளை போட்டு, அதற்குள் செடியை நடுங்கள். கத்தரி, வெண்டை, செம்பருத்தி புதியவர்களுக்குச் சுலபம். பழைய செம்பருத்தியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தால் புதுத்துளிர் வரும். குண்டுமல்லியை இப்போது தொடாதீர்கள். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே முழுவதையும் வெட்டுங்கள். கோடையில் மொட்டு வைக்கும்.

அடுத்த பத்தடியைப் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வாரம் ஒருமுறை அட்டை இடுக்கில் கோரை தலைகாட்டுகிறதா என்று பாருங்கள், காட்டினால் கிழங்கோடு எடுங்கள்.