பூங்காவில் ஒரு காங்கேயம் எருது: கம்பி, வலை, கலவை

மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை வெண்கலம், உப்புக்காற்றைத் தாங்கும். பூங்காவில் ஏர் எருதுக்குச் சிலை வைக்கக் குடியிருப்போர் சங்கம் திரட்டும் பணத்துக்கு வெண்கலம் கட்டாது. கம்பி, கோழிவலை, சிமென்ட் கலவைதான் வழி. அதற்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் உப்பிக் காரையை வெடிக்க வைக்கும். கீழே சொல்வதில் பாதி, அதைத் தடுக்கத்தான்.

மாநகராட்சிப் பூங்கா என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் குழி தோண்டாதீர்கள்.

அடுத்து, எந்த மாடு? காங்கேயத்துக்குக் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனிகள் மறுபடி நெருங்கும். டெல்டாவின் உம்பளச்சேரிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி; கன்றிலேயே கொம்பை நீக்கும் வழக்கம் உண்டு. அதன் தலையில் பெரிய கொம்பை வைத்தால், மாடு வளர்த்தவர் சிரித்துவிட்டுப் போவார். ஒற்றை மாட்டுக்கு நுகத்தடியும் வேண்டாம். ஏர் நுகம் ஜோடிக்கானது. திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல், காய்ப்புத் தழும்பு மட்டும் காட்டினால் உழுத மாடு என்று புரிந்துவிடும்.

நீளம் 7 அடி, திமில் வரை நாலரை அடி என்று வைத்து, பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் பிளைவுட்டில் வரைந்துகொள்ளுங்கள். கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்து வளைத்தால் உருவம் கோணாது. கால்களுக்கு 12 மி.மீ. கம்பி, பீடத்தைத் தாண்டி அஸ்திவாரம் வரை இறங்கி, அடியில் எல் வடிவில் மடங்க வேண்டும். விலா வளையங்களுக்கு 8 மி.மீ. வேளச்சேரி மாதிரி களிமண் இடங்களில் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டித் தோண்டுங்கள். அங்கே கஞ்சத்தனம் செய்தால் முதலில் கணுக்காலில் விரிசல் விடும்.

எலும்புக்கூட்டின் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு மடிப்பு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கோழிவலை. கட்டுக்கம்பியால் அரை அடிக்கு ஒரு முடிச்சு. வலை தொளதொளவென்று இருந்தால் கலவை நிற்காது. கழுத்தடியில் தொங்கும் அலைதாடியின் மடிப்புகளையும் வலையிலேயே இழுத்து எடுங்கள். கலவையை அப்பி மடிப்பு செய்தால் தடித்த இடம் காயும்போது பிளக்கும்.

கொம்பு, காது, வால்: காரை மெல்லியதாக இருக்கும் இடங்கள், துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். இங்கே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி போடுங்கள். இரும்போடு சேர்க்க வெல்டரிடம் 309 வெல்டிங் ராடு கேளுங்கள். சாதா ராடில் இணைப்பு விரிசல் விடும். வாலைத் தொங்கவிடாமல் தொடையோடு ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் பிடித்து ஆடாமல் இருக்கப்போவதில்லை.

கலவை 1 பங்கு சிமென்ட், 2 பங்கு சலித்த எம்-சாண்ட். மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். கரையோரத்து உப்பு போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, லாரித் தண்ணீர் வாங்குங்கள். மொத்தம் 5 மூட்டை போதும். வயிற்றில் ஒரு திறப்பு விட்டு, ஒருவர் உள்ளே கை கொடுக்க, கொல்லத்துக்காரர் (கொத்தனார்) வெளியிலிருந்து வலைக்குள் அழுத்த வேண்டும். உள்ளே பொந்து விழுந்தால் தண்ணீர் தங்கும். பூச்சு முடிந்ததும் சீப்பால் கீறிவிட்டு, மறுநாள் மெல்லிய நுண்பூச்சு. மொத்தக் கனம் சுமார் 30 மி.மீ. திறப்பை அடைக்கும்போது வயிற்றின் அடியில் இரண்டு வடிதுளை விடுங்கள்.

ஈரச்சாக்கு போர்த்தி 14 நாள் நனைக்க வேண்டும். பொங்கல் கழிந்து தொடங்குவது நல்லது. கத்திரி வெயிலில் செய்தால் தார்ப்பாய்ப் பந்தல் இல்லாமல் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம்.

28 நாள் கழித்து சிமென்ட் பிரைமர், பிறகு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன். எனாமல் பளபளக்கும், ஆனால் புதுக் காரையின் காரத்தில் உரியும். நிறத்தில் ஒரு நுட்பம்: திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருத்திருப்பது பொலிகாளைக்கு. ஏர் எருது காயடித்தது. வெளிறிய சாம்பல்தான் அதன் நிறம்.