வான்கோழி வேட்டை: சிவப்புத் தலையை நம்பி விசையை அழுத்தாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து வடமேற்கில் நம் ஆட்கள் சிலருக்கும் வான்கோழிப் பித்து பிடித்துவிடுகிறது. பென்டன்வில் பக்கம் வேலைக்கு வந்து, முதலில் தூண்டில், பிறகு மான், அப்புறம் வான்கோழி என்று நகர்ந்தவர்கள். பருவம் தொடங்கியதும் புதியவர்கள் யாராவது என்னோடு ஓசார்க் மலைக்காட்டுக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் நான் போட்ட கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் அவர்களும் போடுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துப்பாக்கியின் சேஃப்டியை எப்போது எடுப்பது, உரிமம் எங்கே வாங்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. 1968-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். அதில் தூங்காமல் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

தலையை மட்டும் பார்த்துச் சுடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மே கடைசியிலோ ஜூனிலோ பொரித்த சேவல் குஞ்சு, அடுத்த ஏப்ரலில் பார்ப்பதற்கு ஏறத்தாழப் பெரிய சேவல் போலவே இருக்கும். வயது ஒன்றுகூட நிரம்பியிருக்காது. இந்த விடலையைத்தான் ஜேக் என்கிறார்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனது டாம். ஆர்கன்சாவில் பெரியவர்கள் ஜேக்கைச் சுடக் கூடாது. 6 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு மட்டும் பருவத்துக்கு ஒன்று அனுமதி. மிசிசிப்பியிலும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே வளர்ந்த சேவலாக இருக்க வேண்டும், அல்லது தாடி, அதாவது மார்பில் முடிக்கற்றைபோல வளரும் குஞ்சம், 6 அங்குலமாவது இருக்க வேண்டும். ஜேக்கைச் சுடத் தடையில்லாத மாநிலங்கள் பல உண்டு. அங்கே வேட்டையாடிப் பழகிவிட்டு இங்கே வருபவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

சட்டம் சும்மா வரவில்லை. ஆர்கன்சாவில் வான்கோழி வேட்டை 2003-இல் உச்சத்தில் இருந்தது. ஏறத்தாழ 20,000 பறவைகள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போனது. தொடர்ந்து ஈரமான வசந்தங்களில் குஞ்சுகள் பிழைக்காதபோது, பிழைத்த விடலையாவது இன்னொரு வருடம் இருக்கட்டும் என்பதே இந்தத் தடையின் நோக்கம். பெட்டைக் குரலில் நீங்கள் கூப்பிட்டால் மலையதிரப் பதில் கொடுத்து ஓடி வருவது பெரும்பாலும் இரண்டு வயதுச் சேவல்தான். இந்த வருடம் ஜேக்கைச் சுட்டால் அடுத்த வருடத்தின் அந்தப் பதில் குரலை இப்போதே அடைத்துவிடுகிறீர்கள்.

சரி, ஏன் எல்லோரும் இதில் சறுக்குகிறார்கள்? வான்கோழியைத் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் சுட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதனால் கண் தலையிலேயே நிற்கிறது. வயதைக் காட்டும் அடையாளங்களோ மார்பிலும் வாலிலும் இருக்கின்றன. குறி வைக்கும் இடம் ஒன்று, ஆளை அடையாளம் காணும் இடம் வேறு. புல்லுக்கு மேலே சிவப்பாக ஒரு தலை எழுந்ததும் விரல் முந்திக்கொள்கிறது.

போன பருவத்தில் ஒரு தம்பியைக் கூட்டிப் போயிருந்தேன். விடியலில் மேட்டுக்குப் பின்னால் ஒரு டாம் அடைந்த மரத்திலிருந்தே கொக்கரித்துக்கொண்டிருந்தது. முழுக் குரல், சந்தேகமே இல்லை. தரையிறங்கிய பிறகு பெட்டைக் குரலில் கூப்பிட்டேன், பதில் நெருங்கி வந்தது. மேட்டின் விளிம்பில் மூன்று சிவப்புத் தலைகள். “பொறு” என்று நான் முணுமுணுத்து முடிக்கவில்லை, வெடித்துவிட்டான். விழுந்தது ஜேக். கொக்கரித்த டாம் இருபதடி பின்னால் ஓக் மரத்தடியில் விசிறி விரித்து நின்றிருந்தது. சத்தம் கேட்டதும் பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. “அண்ணா, தலை செவப்பாத்தானே இருந்துச்சு?” என்றான். இருந்ததுதான். ஜேக்கின் தலையும் சிவப்புத்தானே.

கூட்டத்தோடு சுற்றும் விடலைகள் முந்திக்கொண்டு ஓடிவரும், பெரியது பின்னால் தயங்கி நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முதலில் தெரியும் தலையைச் சுட மாட்டீர்கள். காதில் விழுந்த குரலையும், கண்ணில் பட்ட பறவையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஜேக்கின் கொக்கரிப்பு பொதுவாக அரைகுறையாக, உடைந்து வரும். ஆனால் சில விடலைகள் நன்றாகவே கத்தும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது வால் விசிறி. டாம் விரித்தால் மேல்விளிம்பு ஒரே சீராக வளைந்து போகும். ஜேக்கின் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு தனியாகத் துருத்தும். நடுவில் இருப்பவை புதிதாக முளைத்த பெரிய இறகுகள், இரு பக்கமும் இருப்பவை குஞ்சுப் பருவத்தவை. அதனால்தான் இந்த மேடு பள்ளம். ஆனால் பறவை முழுதாக விரித்து, முன்னாலோ பின்னாலோ திரும்பி நின்றால்தான் இது தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் பாதி விரித்த வாலைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். சண்டையில் இறகு முறிந்த டாமும் உண்டு. ஆகவே ஒரு அடையாளத்தோடு நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது தாடி. ஜேக்குக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 அங்குலம், மார்பிலிருந்து சின்னக் குஞ்சம்போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். டாமுக்கு 8 அங்குலம், அதற்கு மேலும் தொங்கும். புல் உயரமாக இருந்தால் தாடியே தெரியாது. அந்த நிலையில் சுடவே கூடாது. தாடியிருந்தால் சேவல்தான் என்றும் நினைக்க வேண்டாம். தாடி வைத்த பெட்டைகளும் உண்டு.

மூன்றாவது, தலையின் நிறம். விசிறி விரித்துக் கிளர்ச்சியில் நிற்கும் டாமின் உச்சந்தலை வெள்ளையாகப் பளிச்சிடும், முகத்தில் நீலம் ஏறும். ஜேக்கிடம் பெரும்பாலும் சிவப்புதான் மேலோங்கியிருக்கும். இது துணைச் சாட்சி மட்டும். நிறம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்.

காலின் முள் இன்னும் உறுதியான சாட்சி. ஜேக்குக்கு அரை அங்குலத்துக்கும் குறைவான குமிழ், மூன்று வயதானதற்கு ஒரு அங்குலத்தைத் தாண்டும். ஆனால் இலைச் சருகுக்குள் நடக்கும் காலை யார் பார்ப்பது? சிறகின் கடைசி இறகும் அப்படித்தான். ஜேக்குக்கு நுனி கூராக இருக்கும், வெள்ளைக் கோடுகள் நுனிவரை போகாது. கையில் எடுத்துப் பார்த்தால் ஐயமே இருக்காது. அதற்குள் பறவை செத்திருக்கும்.

எனவே பைனாகுலர் கட்டாயம். துப்பாக்கியை முழங்காலில் முன்கூட்டியே தாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பறவையின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் மட்டும் அசையுங்கள். வான்கோழிக்குக் கண் அபாரம். மார்பு தெரியும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். தெரியாமலே போய்விட்டால் போகட்டும்.

கூட்டத்துக்குள் சுடுவது

இதுவும் மேலே சொன்னதன் தம்பிதான். ஷாட்கன் ரவைகள் தூரம் போகப் போக விரியும். டாமின் தலைக்கு நேர்பின்னால் இன்னொரு தலை நின்றால் ஒரே வெடியில் இரண்டும் விழும். பருவத்துக்கே இரண்டு பறவைதான் கணக்கு. பின்னால் விழுந்தது ஜேக்காக இருந்தால் சொல்லவே வேண்டாம். குறி வைத்த பறவை தனியாக விலகும் வரை காத்திருங்கள். விலகாவிட்டால் கூப்பிடும் கருவியில் ஒரு மெல்லிய தட்டுத் தட்டுங்கள், எல்லாம் தலையைத் தூக்கிச் சிதறும்.

கொக்கரிப்பைத் தேடி ஊர்ந்து போவது

அது இன்னொரு வேட்டைக்காரர் பண்ணும் குரலாகவும் இருக்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பறவையை உங்களிடம் வரவழையுங்கள்.

சிவப்பு, வெள்ளை, நீலம் அணிவது

கூடாது. சேவலின் தலை நிறங்கள் அவை, இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடலாம். கர்ச்சீப்பும் சாக்ஸும் சேர்த்துத்தான்.

60 கஜத்தில் முயன்று பார்ப்பது

40-க்குள் வராவிட்டால் விடுங்கள்.

தவறிச் சுட்டதை மறைப்பது

ஜேக் விழுந்துவிட்டால், அதைப் புதருக்குள் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். பறவையை எடுத்துக்கொண்டு வனவிலங்குத் துறைக்குப் போன் செய்யுங்கள். என்ன செய்வார்கள் என்பது அவர்கள் முடிவு, ஆனால் நீங்களே சொன்னதற்கும் அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எந்தப் பறவையைச் சுட்டாலும் 12 மணி நேரத்துக்குள் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் அதிகம் யோசிக்க நேரமும் இல்லை.

பிள்ளையின் பெயரில் எழுதுவது

சிறுவருக்கு ஒரு ஜேக் அனுமதி இருக்கிறதே என்று அப்பா சுட்டதை மகன் கணக்கில் ஏற்றுகிறார்கள். அந்த அனுமதி சுட்ட கைக்கு உரியது. துப்பாக்கியைப் பிடிக்கவே தெரியாத பையன் பெயரில் பறவை பதிவானால், அதிகாரி அவனிடமே இரண்டு கேள்வி கேட்பார்.