ஆம்ப் வாங்கும் முன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி “எந்த ஆம்ப் வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும் நான் மாடல் பெயர் சொல்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். ஸ்பீக்கர் என்ன? அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள்? பாட்டு எதிலிருந்து வரப்போகிறது, சிடியா, ரெக்கார்டா, போனா, டிவியா? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆம்ப் ரிப்பேர்தான் என் பிழைப்பு. என் மேசைக்கு வருகிற பெட்டிகளில் மட்டமான சரக்கு என்று சொல்லத்தக்கவை குறைவு. நல்ல ஆம்ப்தான், ஆனால் தாங்க முடியாத ஸ்பீக்கரோடு கட்டிவிட்டிருப்பார்கள், அல்லது காற்றுப் போகாத அலமாரிக்குள் அடைத்திருப்பார்கள். அதனால்தான் பேச்சை ஸ்பீக்கரிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்பீக்கரின் பின்பக்க லேபிளில் ஓம் (மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) எவ்வளவு என்று இருக்கும். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, அங்கே இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தபோது அந்தச் சத்தம் வந்தது என்று அர்த்தம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்டேஜில் 2 வாட் இழுத்துக்கொள்ளும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 90 என்று போட்டிருந்தால், வாட் கணக்குப் போடும்போது 3 டெசிபலைக் கழித்து 87 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. 87 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, உட்காரும் இடம் மூன்று மீட்டரில். திறந்த வெளியாக இருந்தால் இந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் அதில் ஐந்தாறு டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக, ஒரு பக்கத்துக்கு 1 வாட் கொடுத்தால் காதுக்கு வருவது 83 டெசிபல் போல. அதுவே பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டிய சத்தம். நிதானமாகக் கேட்பது 75 பக்கம். அதற்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும்! ஆனால் ஒரு ட்ரம் அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே துள்ளும். 95 டெசிபலுக்குத் துள்ள 16 வாட் வேண்டும். இன்னும் கொஞ்சம் வால்யூம் ஏற்றுகிற நாளுக்கும் சேர்த்து 50 வாட் இருந்தால் தாராளம். ஸ்பீக்கர் 84 டெசிபல்தான் என்றாலோ, அறை பெரிதாகி ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலோ 100 வாட் பக்கம் போங்கள்.

வாட் இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையே 1 டெசிபல்கூட இல்லை. அந்தப் பத்து வாட்டுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

வாட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒழுங்கான வாக்கியம் இப்படி இருக்கும்: இடது, வலது என இரண்டு சேனலும் ஒருசேர ஓட, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இத்தனை சதவீத டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவுக்குள்) இத்தனை வாட். அமெரிக்காவில் வாட்டை விளம்பரப்படுத்த 1974-லேயே விதி கொண்டுவந்தார்கள் என்றால் அதற்கு முன் எப்படி அளந்துவிட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். “1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன்” என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தால், ஆம்பின் ஒலி கிழிய ஆரம்பித்த பிறகு எடுத்த எண் அது. பி.எம்.பி.ஓ (ஒரு கணத்து உச்சம் என்கிற விளம்பர வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் படிக்கவே வேண்டாம்.

அடாப்டரில் ஓடும் குட்டி டி கிளாஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத ஆம்ப் வகை) பெட்டிகளுக்கு நான் ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன். அடாப்டரில் 24 வோல்ட், 4 ஆம்பியர் என்று இருக்கிறதா? பெருக்கினால் 96 வாட். உள்ளே போவதே அவ்வளவு என்றால் “2×100 வாட்” தொடர்ந்து எங்கிருந்து வரும்? அதோடு, வோல்டேஜை ஏற்றும் ஏற்பாடு உள்ளே இல்லாவிட்டால், 24 வோல்ட் சப்ளை 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது உச்சபட்சம் 36 வாட். அது மோசமில்லை, சின்ன அறைக்கு நன்றாகவே பாடும். வாங்குகிறவருக்கு உண்மையான எண் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் 8 ஓம் வாட்டைவிட 4 ஓம் வாட்தான் முக்கியம். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை. ஏதோ ஒரு பேஸ் ஒலியில் 5 அல்லது 4 ஓமுக்கு இறங்கும்; அந்த இடத்தில் ஆம்ப் கூடுதல் கரண்ட் தள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரும் பெரிதாக இருக்கும் ஆம்ப், 8 ஓமில் 50 வாட் என்றால் 4 ஓமில் 80 காட்டும். 4 ஓமுக்கு எண்ணே போடாமல் “6 முதல் 16 ஓம் வரை” என்று மட்டும் எழுதியிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கர்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். 1978-ல் வந்த என்ஏடி 3020-ஐ இன்றும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். காகிதத்தில் அது வெறும் 20 வாட் ஆம்ப். ஆனால் கஷ்டமான ஸ்பீக்கரைக் கொடுத்தாலும் மூச்சு வாங்காது.

உள்ளே வேலை செய்யும் விதத்தை வைத்து ஆம்பை ஏ, ஏபி, டி என்று பிரிக்கும் கிளாஸ் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு. ஏ கிளாஸ் பாட்டே இல்லாதபோதும் கொதிக்கும். டி கிளாஸ் வாங்கிய மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டுக் குளுமையாக இருக்கும். ஏபி நடுவில். மூன்றிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் மட்டும் தனி ரகம்: ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கேற்ப அதன் ஒலியும் மாறும், அதனால் உங்கள் ஸ்பீக்கரோடு கேட்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தது பின்பக்கத் துளைகள். சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுக்கும். ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எம்.எம். (மூவிங் மேக்னெட்) வகை என்றால் கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட், எம்.சி. (மூவிங் காயில்) என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. தவிர, ரெக்கார்டில் பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்குவதும், வெட்டியதைத் திரும்பச் சரிசெய்வதும் ஃபோனோ ஸ்டேஜ் என்ற பகுதியின் வேலை. ரெக்கார்ட் கேட்பவர் என்றால் ‘ஃபோனோ’ என்று எழுதிய இன்புட் இருக்கிறதா, அது எம்.எம். மட்டுமா, எம்.சி.யும் உண்டா என்று பாருங்கள். டிவியை இணைப்பதானால் எச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஆம்புக்கு அனுப்பும் இணைப்பு) பெரிய சௌகரியம், டிவி ரிமோட்டே வால்யூமைக் கவனித்துக்கொள்ளும். ஆப்டிகல் (ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள்) மட்டும்தான் என்றால் டிவி செட்டிங்கில் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் சத்தமே வராமல் ஆம்ப் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவீர்கள், வருகிறார்கள். பிற்பாடு சப்வூஃபர் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) சேர்க்கும் எண்ணம் இருந்தால் ப்ரீ அவுட் அல்லது சப் அவுட் என்ற துளை வேண்டும். வைஃபை, ஆப், ஸ்ட்ரீமிங் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆம்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. நல்ல ஆம்ப் இருபது வருஷம் ஓடும். அந்த ஆப் அவ்வளவு நாள் ஓடாது. சின்ன ஸ்ட்ரீமரைத் தனியாக வாங்கி வெளியே வைத்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் பாட்டு போடும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாட்டு எதுவும் ஓடாமல், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றி, ட்வீட்டர் (ஸ்பீக்கரில் ட்ரெபிளைப் பாடும் சின்ன வட்டம்) பக்கம் காதை வையுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஒரு சாண் தூரத்தில் மறைந்தால் சரி; நாற்காலி வரை வந்தால் வேண்டாம். பிறகு பாட்டைப் போட்டு, வால்யூமை நன்றாக இறக்குங்கள். சில குமிழ்களில் அடிமட்டத்தில் இடது பக்கம் மட்டும் பாடும், வலது பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் எழும். இரவில் மெல்லக் கேட்பவருக்கு இது தினசரித் தொல்லை. ரிமோட்டை ஒரு அழுத்து அழுத்தினால் வால்யூம் எவ்வளவு தாவுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காவிட்டால், கொஞ்சம் உரக்கப் பாடுவதே எப்போதும் ஜெயிக்கும். காதால் சமமாக்க முடியாது, மல்டிமீட்டர் வேண்டும். போனில் 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர்கள் இப்படித் தாழ்ந்த ஹெர்ட்ஸில்தான் ஒழுங்காகக் காட்டும். டோன் ஓடும்போது, ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் டெர்மினலில் ஒரே சேனலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளந்து 1 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்புங்கள். அடுத்த ஆம்பிலும் அதே 1 வோல்ட், பத்து மில்லிவோல்ட் முன்னே பின்னே. பேஸ், ட்ரெபிள் நடுவில், லவுட்னஸ் பட்டன் ஆஃப். இப்போது அதே பாட்டைக் கேளுங்கள். நேற்று வரை மலையும் மடுவுமாக இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகும். அப்படிக் கரைந்தால், விலை குறைந்ததை வாங்கிவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கரை ஒரு ஆம்பிலிருந்து முழுதாகக் கழற்றிய பிறகே அடுத்ததில் மாட்ட வேண்டும். இரண்டிலும் சேர்த்து மாட்டினால் புகை வரும்.

பழைய ஆம்ப் என்றால், ஆன் செய்த சில நொடியில் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச்) ‘டிக்’ என்று விழுகிறதா என்று கேளுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் டெர்மினலில் டிசி அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; 100-ஐத் தாண்டினால் உள்ளே வேலை இருக்கிறது. ஒரு பக்கம் மங்கி, வால்யூம் ஏற்றியதும் திடீரென்று உயிர் வந்தால் அநேகமாக ரிலே கான்டாக்ட் கறுத்திருக்கும். அது சின்ன வேலை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். பல வருஷம் பரணில் கிடந்ததை நேராக ப்ளக்கில் சொருகாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து சீரீஸ் லாம்ப் (மின்சார வழியின் நடுவே மாட்டும் பல்பு) வழியாகப் போடச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட்.

வீட்டில் வைக்கும்போது மேலே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். கெப்பாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். ஸ்பீக்கர் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். முனையில் ஒரு இழைகூடப் பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடாமல் முறுக்கி மாட்டுங்கள். எல்லாம் மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால் உடனே ஆம்பைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். இன்புட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். டிவியைக் கழற்றியதும் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் டிவிக்கு வரும் கேபிள் இணைப்பின் எர்த். டிவியை மட்டும் ஆப்டிகலுக்கு மாற்றினால் போய்விடும். எல்லா இன்புட்டையும் கழற்றிய பிறகும் ஸ்பீக்கரில் ஹம் நிற்கவில்லை என்றால் அது ஆம்பின் குறை. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.