பேங்க் கேரண்டி பணமாகாமல் தடை வாங்குவது எப்படி?

மும்பை மஸ்ஜித் பந்தரிலும் நவி மும்பை வாஷியிலும் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலர், கேரண்டியை (நாம் தவறினால் பணம் தருவதாக நம் பேங்க் எழுதிக் கொடுத்த உறுதி) எதிர்த்தரப்பு 'இன்வோக்' செய்ததும், அதாவது பேங்கிடம் அந்தப் பணத்தைக் கேட்டதும், "சரக்கில் குறையே இல்லை, பாக்கி வைத்திருப்பது அவர்கள்தான்" என்ற வாதத்தோடு கோர்ட்டுக்குப் போகிறார்கள். அது பெரும்பாலும் எடுபடாது. கேரண்டி, பேங்குக்கும் பயனாளிக்கும் (பணம் கேட்கும் எதிர்த்தரப்பு) இடையே தனி ஒப்பந்தம். சரக்குத் தகராறு அதைத் தொடாது. நிபந்தனையற்ற கேரண்டிக்கு உச்ச நீதிமன்றம் திறந்து வைத்திருக்கும் வாசல் இரண்டுதான்: அப்பட்டமான மோசடி, அல்லது பணம் போனால் எந்த வழியிலும் மீட்க முடியாத நிலை. "அப்புறம் வழக்குப் போட்டு வாங்குவது சிரமம்" என்பது இரண்டாவதில் சேராது.

ஆனால் இன்வோகேஷனே பத்திரத்தின்படி இல்லை என்றால் அது வேறு கதை. ஆகவே முதலில் கேரண்டிப் பத்திரத்தையும் இன்வோகேஷன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் உண்டா? க்ளெய்ம் தேதிக்குள் (பணம் கேட்கக் கடைசி நாள்), சொன்ன கிளைக்கே போனதா? பத்திரம் கேட்கும் வாசகம் கடிதத்தில் இருக்கிறதா? 1999-இல் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் – பீகார் அரசு வழக்கில், தலைமைப் பொறியாளர் கேட்க வேண்டியதை நிர்வாகப் பொறியாளர் கேட்டது செல்லாது என்றே ஆனது. மோசடியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இப்படி ஒரு ஓட்டை மதிப்பு மிக்கது.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) ஷரத்து இருந்தால் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மனு. உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கியாக வேண்டும். ஷரத்து இல்லையென்றால், 3 லட்சத்துக்குக் குறையாத தகராறுக்கு வணிக வழக்கு. அதற்கு முன் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி மீடியேஷன் (சமரசப் பேச்சு) கட்டாயம்; உண்மையான அவசரத் தடை கேட்டால் மட்டும் விலக்கு. அவசரம் வெறும் பெயரளவில் இருந்தால் வழக்கே தள்ளுபடியாகும்.

பேங்க் பணத்தைக் கொடுத்துவிட்டால் மனு வெறும் காகிதம். பேங்கையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்; மனு நம்பர் விழுந்ததும் கிளைக்கு மெயில் அனுப்புங்கள், ஆனால் மெயில் மட்டும் பேங்கைக் கட்டுப்படுத்தாது. எதிர்த்தரப்பு கேவியட் ('எங்களையும் கேளுங்கள்' என்ற முன்மனு) போட்டிருந்தால் அவர்களைக் கேட்காமல் உத்தரவு வராது. சிவில் வழக்கில் ஒருதலைத் தடை கிடைத்தால், மனு நகல்களை உடனே எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான அஃபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பின் மெயிலில் நமக்குப் பாதகமானதை மறைத்தால், அந்த ஒரு காரணத்துக்கே தடை நீங்கும்.

கேரண்டி காலாவதியை நெருங்கியிருந்தால், தடை முடியும்வரை புதுப்பிப்பதாக உறுதிமொழி எழுதிக்கொண்டு போங்கள். நீதிபதி அதைக் கேட்க வாய்ப்பு அதிகம். கமிஷனும் மார்ஜினும் (பேங்கில் நாம் கட்டி வைக்கும் பங்குத் தொகை) எவ்வளவு ஆகும் என்று அதற்கு முன்பே பேங்கில் பேசி வையுங்கள்.