ஸ்கார்மரியைச் சுவராக நிறுத்துவது எப்படி

போகிமான் போட்டி ஆட்டத்தில் தற்காப்புப் போகிமானை முதன்முறை பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அதைக் களத்தில் இறக்கிவிட்டு, எதிராளி அடிக்க அடிக்க ஒவ்வொரு சுற்றிலும் உயிரை மீட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்வைக்கு அது அசையாத சுவராகத் தெரிந்தாலும், அந்தச் சுற்றுகளில் எதிராளி எதையும் இழப்பதில்லை. என்றைக்காவது, தற்செயலாக வலுத்து விழும் ஒரு கிரிட்டிக்கல் அடி விழும், சுவரும் விழும். தற்காப்புப் போகிமானின் வேலை அடி வாங்குவது அன்று. அடி வலிக்காத இடத்தில் இறங்கி, அதனால் கிடைக்கும் ஒரு சுற்றை எதிராளிக்கு நிரந்தர இழப்பாக மாற்றுவதே அதன் வேலை. இதை விளக்க 1999-இல் வெளியான கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் அறிமுகமான ஸ்கார்மரியை எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்லப்படுபவை, அது 2023 டிசம்பரில் இண்டிகோ டிஸ்க் என்ற விரிவாக்கத்தின் வழியாகத் திரும்பி வந்த ஒன்பதாம் தலைமுறை விளையாட்டுகளின் ஆறுக்கு ஆறு ஒற்றையர் ஆட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

வகையும் எண்களும்

ஸ்கார்மரி எஃகு, பறவை ஆகிய இரு வகைகளைக் கொண்டது. நிலவகைத் தாக்குதலும் நச்சுவகைத் தாக்குதலும் அதன்மேல் படவே படா. டாக்சிக் போன்ற நஞ்சூட்டும் நகர்வுகளும் பலிக்காது. புல், பூச்சி வகை அடிகள் கால் பங்காகவும், சாதாரணம், பறவை, மனோசக்தி, டிராகன், எஃகு, தேவதை வகை அடிகள் பாதியாகவும் குறைகின்றன. நெருப்பும் மின்சாரமும் மட்டுமே அதற்கு இரு மடங்கு வலிக்கும். இத்தனை சாதகத்துக்கு இரண்டே பலவீனங்கள் என்பது பெரிய பேறு. எனினும் அந்த இரண்டும் பெரும்பாலும் சிறப்புத் தாக்குதலாகவே வருகின்றன என்பதுதான் சிக்கல், ஏனெனில் அதன் அடிப்படைத் தற்காப்பு 140 ஆக இருக்க, சிறப்புத் தற்காப்பு வெறும் 70.

பயிற்சிப் புள்ளிகளான ஈவி-களை 252 ஹெச்பி என்னும் உயிரளவுக்கும், 252 தற்காப்புக்கும், மிச்சம் 4 சிறப்புத் தற்காப்புக்கும் கொடுத்து, தற்காப்பைக் கூட்டும் இம்பிஷ் நேச்சர் (இயல்பு) வைத்தால், 100-ஆம் நிலையில் ஹெச்பி 334 ஆகவும் தற்காப்பு 416 ஆகவும் நிற்கும். சிறப்புத் தற்காப்போ 177-இல் நின்றுவிடும். புள்ளிகளை இரு தற்காப்புக்கும் சமமாகப் பிரித்தால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பலவீனத்தை மறைக்கப் போய் பலத்தையும் இழந்த போகிமான் எந்தப் பக்கமும் சுவராக நிற்பதில்லை. சிறப்புத் தாக்குதலைத் தாங்க அணியில் வேறொருவர் இருக்கட்டும்.

நகர்வுகளில் உயிரை மீட்கும் ரூஸ்ட், எதிராளியின் பக்கம் முட்களை விரிக்கும் ஸ்பைக்ஸ், எதிரியைத் தூக்கி எறியும் வேர்ல்விண்ட், போர்வகை அடியான பாடி பிரஸ் ஆகிய நான்கையே நான் பரிந்துரைப்பேன். பாடி பிரஸ் 2019-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை தந்த வரம்: அது தாக்குதல் எண்ணைப் பார்க்காமல் தற்காப்பு எண்ணையே அடியின் வலிமையாகக் கொள்வதால், ஒரு புள்ளிகூடத் தாக்குதலுக்குச் செலவிடாத ஸ்கார்மரியும் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஹெச்பியிலும் தற்காப்பிலும் புள்ளிகள் போடாத கிங்காம்பிட் என்ற எதிரிப் போகிமான் முழு உயிரோடு நின்றாலும், போர்வகை அதற்கு நான்கு மடங்கு வலிப்பதால், பாடி பிரஸ் குறைந்தது 348 ஹெச்பியைப் பறிக்கும். அதனிடம் இருப்பதோ 341. உடைமையாக லெஃப்ட்ஓவர்ஸ் சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு உயிரைத் திருப்பித் தரும். ராக்கி ஹெல்மெட், தொட்டு அடிப்பவரின் உயிரில் ஆறில் ஒரு பங்கைப் பறிக்கும். அணியில் வேறு எவரும் தொட்டு அடிப்பவர்களைத் தண்டிக்காவிட்டால் ஹெல்மெட்டே மேல் என்பது என் கருத்து.

தாங்குமா என்பதைக் கணக்கிடுவது

உள்ளுணர்வை நம்பாமல் ஒரு கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டும். ரூஸ்ட் பாதி ஹெச்பியை, அதாவது 167-ஐ மீட்கிறது. எதிரியின் ஓர் அடி இந்த 167-க்குக் குறைவாக இருந்தால் ஸ்கார்மரி அதன் முன் நிற்கலாம். மிகுந்தால் நிற்க முடியாது. எல்லாப் பேச்சும் இந்த ஒரு கோட்டைச் சுற்றியே.

தாக்குதலில் 252 புள்ளிகள் போட்டு, வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் கொண்ட கார்ச்சோம்ப் எதிரே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எர்த்குவேக் நிலவகை என்பதால் நம்மைத் தொடாது. ஸ்டோன் எட்ஜ் 62 முதல் 74 ஹெச்பி வரை எடுக்கும். ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடித் தன் தாக்குதலை இரட்டித்துக்கொண்டாலும் அதே ஸ்டோன் எட்ஜ் 124 முதல் 146 வரைதான். இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனால் சில கார்ச்சோம்ப்கள் ஸ்கார்மரிக்காகவே நெருப்புவகையான ஃபயர் ஃபேங்கை ஒளித்து வைத்திருக்கும். சாதாரண நிலையில் அது 82 முதல் 98 வரைதான் எடுக்கும். டான்ஸுக்குப் பிறகு 162 முதல் 192 ஆகிவிடும். இங்கே ரூஸ்ட்டை நம்பி உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகத் தேய்வோம். ஆகவே டான்ஸ் ஆடியதைக் கண்டவுடனே, அதன் நான்காவது நகர்வு என்னவென்று தெரியும்வரை காத்திராமல், வேர்ல்விண்டால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதே சரி.

சிறப்புத் தாக்குதலுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. முழுப் புள்ளிகள் போட்ட ஹீட்ரானின் நெருப்புவகையான ஃபிளேம்த்ரோவர் குறைந்த அளவே 390-ஐத் தாண்டுகிறது. முழு உயிரோடு இருக்கும்போது ஒரே அடியில் வீழாமல் 1 ஹெச்பியில் நிறுத்தும் ஸ்டர்டி திறன் மட்டுமே அங்கு காப்பாற்றும். அதுவும் ஸ்டெல்த் ராக் என்ற பொறிக் கற்கள் நம் பக்கம் கிடந்தால், இறங்கும்போதே எட்டில் ஒரு பங்கு போய்விடுவதால், பயனற்றுப் போகும்.

எப்போது இறக்குவது

நேரடியாக மாற்றி இறக்கினால் அந்தச் சுற்றின் அடியை ஸ்கார்மரி இலவசமாக வாங்குகிறது. எனவே இறங்கும் தருணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது, எதிராளி சாய்ஸ் உடைமையால் எர்த்குவேக் போன்ற ஒரே நகர்வில் கட்டுண்டு கிடக்கும் தருணம். இதைவிடச் சிறந்த வாய்ப்பு கிடையாது. இரண்டாவது, நம்முடைய ஒருவர் வீழ்ந்தபின் அடி வாங்காமல் இறங்குவது. மூன்றாவது, மெதுவான நண்பர் ஒருவர், கலார் ஸ்லோக்கிங்கின் சில்லி ரிசெப்ஷனைப் போல, எதிராளியின் அடியைத் தாமே வாங்கிக்கொண்டு நமக்கு இடம் விட்டுச் செல்வது. இவற்றுள் எதுவும் அமையாதபோது, வகைச் சாதகம் தெளிவாக இருந்தால் மட்டும் இறக்கலாம். “எப்படியும் தாங்கும்” என்பது காரணமாகாது.

இறங்குமுன் இன்னொரு கேள்வியும் உண்டு, இதை ஆட்டம் தொடங்குவதற்கு முன் எதிரணியின் ஆறு பேரும் காட்டப்படும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்: ஸ்கார்மரி இல்லாவிட்டால் இவர்களில் யார் என்னை வாரிச் சுருட்டுவார்? அது கிங்காம்பிட் என்றால், கிங்காம்பிட் சாயும்வரை ஸ்கார்மரியின் உயிர் நமக்குச் சொந்தமானதன்று, அதற்கு ஒதுக்கப்பட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை இந்த ஆட்டத்தில் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்படி யாருமே இல்லை என்றால், முதல் சுற்றிலேயே ஸ்கார்மரியை இறக்கி, ஸ்பைக்ஸ் விரித்து, அதை மனம் நோகாமல் செலவழித்துவிடலாம்.

கிடைத்த சுற்றை என்ன செய்வது

இதுவே கைத்திறன் வெளிப்படும் இடம். ஸ்கார்மரியைக் கண்டதும் தொட்டு அடிக்கும் எதிரி பெரும்பாலும் பின்வாங்கி, நெருப்போ மின்சாரமோ கொண்ட ஒருவரை அனுப்புவார். அவர் பின்வாங்கும் அதே சுற்றில் ஸ்பைக்ஸ் விரிக்க வேண்டும். ஓர் அடுக்கு, நிலத்தில் கால் பதித்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் எட்டில் ஒரு பங்கையும், இரண்டு அடுக்கு ஆறில் ஒரு பங்கையும், மூன்று அடுக்கு கால் பங்கையும் பறிக்கும். பறவை வகையினருக்கும் மிதக்கச் செய்யும் லெவிடேட் திறன் கொண்டோருக்கும், ஹெவி-டூட்டி பூட்ஸ் அணிந்தோருக்கும் இது பொருந்தாது. எதிரணியில் நால்வர் பூட்ஸ் அணிந்தவர்கள் என்று தெரிந்தால் இரண்டாம் அடுக்குக்காக உயிரைப் பணயம் வைப்பதில் பொருளில்லை.

வேர்ல்விண்ட் ஸ்பைக்ஸின் மறுபாதி. எதிரியைத் தூக்கி எறிந்து அவர் இடத்தில் தற்செயலாக வேறொருவரை இழுத்து வரும். வந்தவர் முள்ளை மிதிப்பார். முன்னவர் ஏற்றி வைத்த பலமெல்லாம் கரைந்துவிடும். காப்பு நகர்வுகளான சப்ஸ்டிட்யூட்டும் புரொடெக்ட்டும் இதைத் தடுக்க மாட்டா. ஆனால் இதன் முன்னுரிமை −6 என்பதால் எதிரியின் அடியை வாங்கிய பின்னரே இது நடக்கும். ஆகவே வேர்ல்விண்டுக்கு முந்தைய நிலையில் அடுத்த அடியைத் தாங்கும் உயிர் இருக்க வேண்டும். எதிராளியிடம் ஒருவரே எஞ்சியிருக்கும்போது இது பலிக்காது என்பதையும், பலமேற்றும் போகிமானைக் கடைசிவரை ஒளித்து வைக்கும் ஆட்டக்காரர்கள் இதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ரூஸ்ட்டைப் பற்றிப் பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் பயன்படுத்திய சுற்றின் இறுதிவரை ஸ்கார்மரி தன் பறவை வகையை இழந்து வெறும் எஃகாகத் தரையில் அமர்கிறது. கார்ச்சோம்ப் நம்மைவிட வேகமானது என்பதால் அதன் எர்த்குவேக் ரூஸ்ட்டுக்கு முன்பே வந்து வீணாகும். ஆனால் டிங்-லூவைப் போல நம்மைவிட மெதுவான ஒருவர் எதிரே நின்றால், ரூஸ்ட் முதலில் நடந்து, பின் வரும் எர்த்குவேக் இரு மடங்காக விழும். போர்வகை அடிக்கும் இதுவே கதி. மறுபுறம், அந்த ஒரு சுற்றில் மின்சார அடி இரு மடங்காகாமல் சாதாரண அளவில் விழும் என்பதால், மெதுவான மின்சாரக்காரர் முன் இதே பழக்கம் துணிச்சலான ஒரு தப்பிப்பாகவும் அமையும்.

எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். முந்தைய தலைமுறைகளில் 16 முறை வரை கிடைத்த ரூஸ்ட், ஒன்பதாம் தலைமுறையில் அதிகபட்சம் 8 முறைதான். எட்டு என்பது நிறைய எனத் தோன்றும்; நீண்ட ஆட்டத்தில் அப்படித் தோன்றாது. பாதி உயிருக்கு மேல் இருக்கும்போது, வேறு உருப்படியான வேலை இருந்தால், ரூஸ்ட்டை அழுத்தாமல் இருக்கப் பழகுங்கள்.

யாரைக் கண்டு ஒதுங்குவது

மேக்னிசோன் முதல் எதிரி. அதன் மேக்னட் புல் திறன் எஃகு வகையினரைப் பின்வாங்க விடாது. அடுத்து மின்சாரவகையான தண்டர்போல்ட், அத்தோடு கதை முடிந்தது. எதிரணியில் அது இருப்பதைப் பார்த்தால், அது சாயும்வரை, அது இறங்க வசதியான சூழலில் ஸ்கார்மரியை நிறுத்தக் கூடாது. உடைமையாக ஷெட் ஷெல் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் ஹெல்மெட்டையும் லெஃப்ட்ஓவர்ஸையும் துறக்க வேண்டும். அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஹாட்டரீனின் மேஜிக் பவுன்ஸ் நம் ஸ்பைக்ஸை நம் பக்கமே திருப்பி விரித்துவிடும், எனவே அது உள்ளே வரக்கூடிய சுற்றில் பாடி பிரஸ்ஸை அழுத்துவதே பாதுகாப்பு. டாண்ட் என்ற நகர்வு மூன்று சுற்றுகளுக்குத் தாக்காத நகர்வுகளைப் பூட்டிவிடும். நாக் ஆஃப் உடைமையைத் தட்டிவிடும்.

கோல்டெங்கோவிடம் ஸ்கார்மரிக்கு வேலையே இல்லை: பேய்வகை என்பதால் பாடி பிரஸ் படாது, குட் ஆஸ் கோல்டு திறன் வேர்ல்விண்டைத் தடுத்துவிடும். அதே கோல்டெங்கோ நம் அணியில் இருந்தாலோ நிலைமை தலைகீழ். முட்களை அகற்றும் நகர்வுகளில் எதிராளியின் ராபிட் ஸ்பின் அதன்மேல் படாது, டீஃபாக் பலிக்காது. நாம் விரித்த முட்கள் விரித்தபடியே கிடக்கும். ஸ்கார்மரிக்குத் துணை தேடினால் முதலில் அதைத்தான் பாருங்கள். அடுத்தபடியாக நெருப்பை விழுங்கும் ஃபிளாஷ் ஃபயர் கொண்ட ஹீட்ரானும், மின்சாரம் படாத கிளாட்சையரும், முழுப் புள்ளிகளில் 714 ஹெச்பியோடு சிறப்புத் தாக்குதல்களை அலட்சியமாக வாங்கும் பிளிசியும் பொருத்தமானவர்கள். ஸ்கார்மரியும் பிளிசியும் சேர்ந்து நிற்பது மிகப் பழைய கூட்டணி. இன்று அது தனியாக ஆட்டத்தை வென்று தராது, அடித்தளமாக மட்டும் பயன்படும்.

ஆட்டத்தின் நடுவே ஒரு போகிமானின் வகையை மாற்றும் டெராஸ்டலைப் பற்றி ஒரு சொல். கிங்காம்பிட் பேய்வகையாக மாறினால் மேலே சொன்ன 348 என்ற எண் பூச்சியமாகிவிடும். எனவே எதிராளி இன்னும் டெராஸ்டல் செய்யாதவரை பாடி பிரஸ் உறுதியான விடையன்று. நம் ஸ்கார்மரியையே டிராகன் வகையாக மாற்றினால் நெருப்பும் மின்சாரமும் பாதியாகும், ஆனால் நச்சுக்கும் நிலத்துக்கும் எதிரான காப்பு போய்விடும். அந்த வாய்ப்பை அணியின் முதன்மைத் தாக்குநருக்கே விட்டுவைப்பது பெரும்பாலும் நல்லது. இரட்டையர் ஆட்டத்தில் இருவர் ஒரே சுற்றில் ஒருவரைக் குறிவைக்கலாம் என்பதால் ரூஸ்ட் கணக்கு உடைந்துவிடும். இந்த வழிமுறையை அங்கே அப்படியே கொண்டு செல்ல வேண்டாம்.

கடைசியாக, ஸ்கார்மரியை விட்டுக்கொடுக்கும் நேரம். அது தடுக்க வேண்டியவர் வீழ்ந்து, மூன்று அடுக்கு முட்கள் விரிந்து, எதிரே எஞ்சியிருப்பவர்கள் எல்லாம் சிறப்புத் தாக்குநர்களாக இருக்கும்போது, 90 ஹெச்பியோடு அதைக் காப்பாற்ற வேறொருவரை அடி வாங்க வைப்பது வீண். அடுத்த ஃபிளேம்த்ரோவரை அதுவே வாங்கட்டும். அது வீழ்ந்த பின் நம் வேகமான தாக்குநர் ஒரு கீறல்கூட இல்லாமல் களத்தில் இறங்குவார், எதிராளி மாற்றி இறக்கும் ஒவ்வொருவரும் கால் பங்கு உயிரை முட்களிடம் கொடுத்துவிட்டே அவர் முன் வருவார்கள்.