மெக்னீசியம் நல்லதுதான், அதற்காக பிரஷர் மாத்திரையை நிறுத்துவதா?

'மெக்னீசியம் பிரஷரைக் குறைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, பல வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மெக்னீசியம் டப்பா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான். இத்தனைக்கும் வீடியோ சொல்லும் அறிவியல் பொய்யில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை இறுக வேண்டுமென்றால் கால்சியம் அந்தச் செல்லுக்குள் நுழைய வேண்டும். மெக்னீசியம் அதைக் கொஞ்சம் மறிக்கிறது, குழாய் தளர்கிறது. அம்லோடிபின் அடைப்பதும் கால்சியத்தின் வாசலைத்தான்.

ஆனால் எவ்வளவு அடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? 34 ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். தினம் சுமார் 368 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 2 புள்ளி இறங்கியிருந்தது. வழக்கமான ஒரு பிரஷர் மாத்திரை ஏறக்குறைய 9 புள்ளி இறக்கும். 160-ல் நிற்கிறவருக்கு அந்த 2 புள்ளி யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அடுத்தது, "டெஸ்ட் எடுத்தேன், நார்மல்" என்று அதோடு விட்டுவிடுவது. உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற திசுக்களிலும். ரத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. அதனால் ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் உள்ளே இருப்பு குறைந்திருக்கலாம். அதற்காக எல்லோருக்கும் குறைபாடு என்று கிளம்பவும் கூடாது, அது விற்கிறவர்கள் பேச்சு. உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள், ஃபுரோசமைடு மாதிரி நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், தினமும் குடிக்கிறவர்கள், அப்புறம் 'கேஸ் மாத்திரை' என்று பான்டோபிரசோலை வருடக்கணக்கில் காலையில் விழுங்குகிறவர்கள். இந்த வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. நம் ஊரில் அதை மிட்டாய் மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

குறைந்தால் என்ன ஆகும்? சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வழியை வழக்கமாக அடைத்துக்கொண்டிருப்பது மெக்னீசியம். அது இல்லாவிட்டால் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும், எவ்வளவு ஏற்றினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான். பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டும் சரிந்தால் இதயத்துடிப்பு தாளம் தப்பும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அப்படி வரும் ஒரு வகைத் துடிப்புக் கோளாறுக்கு மருத்துவமனையில் 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில் ஏற்றுவதுதான் முதல் சிகிச்சை.

சரி, அங்கே காப்பாற்றுகிறதே, மாரடைப்புக்கும் உதவாதா? இந்தச் சபலம் டாக்டர்களுக்கும் இருந்தது. 1992-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 2,316 பேரிடம் செய்த ஆய்வில், மெக்னீசியம் ஏற்றியவர்களிடையே இறப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது, எல்லோருக்கும் ஒரே உற்சாகம். மூன்றே வருடத்தில், 58,050 பேரைச் சேர்த்து நடந்த ஐசிஸ்-4 ஆய்வு பலன் எதுவும் இல்லை என்று முடிந்தது. யாராவது ஒரு சின்ன ஆய்வைக் காட்டி உங்களிடம் டப்பா விற்க வந்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.

சிறுநீரகம் பலவீனமானவர்கள் மட்டும் இதில் விளையாடவே கூடாது. மிச்சமாகும் மெக்னீசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது ரத்தத்தில் சேர்ந்து பிரஷர் படுத்துவிடும், துடிப்பு மந்தமாகும், முற்றினால் இதயம் நின்றே போகலாம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம், மெக்னீசியம் கலந்த மலமிளக்கியும் இதில் சேர்த்தி.

டப்பாவில் 'ஆக்சைடு' என்று போட்டிருந்தால் விலை குறைவாக இருக்கும், உடம்பில் சேர்வதும் குறைவு, பேதிதான் மிச்சம். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மற்றவர்களுக்குச் சாப்பாடே போதும். ஒரு கைப்பிடி பாதாமில் 80 மில்லிகிராம் கிடைக்கிறது. பாதாம் கட்டுப்படியாகாது என்றால் வேர்க்கடலை, கீரை, கேழ்வரகு எல்லாம் இருக்கவே இருக்கின்றன. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியில்தான் அதிகம் மிஞ்சுவதில்லை.